செவ்வாய் கிளிவோனா, புதன் லெகியா?

அத்தியாயம் 19

ஹனுங் நாலரை மணிக்கு எழுந்தான். தொழுதான். மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பினான். முற்றத்தைப் பெருக்கி, ரம்புத்தான் சருகுகளை ஒரு மூலையில் குவித்தான். ஆட்டுக்குப் பலா இலை போட்டான். இரண்டு சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு துண்டு துவைத்துக் கொடியில் போட்டான். ஆறு மணிக்கு வறுத்த டெம்பேயும் சம்பலும் வைத்துச் சோறு சாப்பிட்டான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான்.

எல்லா நாளும் இதே வரிசைதான். மற்ற நாட்களில் இதற்குப் பிறகு அலுவலகம் உண்டு. வாய்க்கால்களில் நீர்மட்டம் அளந்து எழுதினால் பொழுது போய்விடும். ஞாயிற்றுக்கிழமை தட்டைக் கவிழ்த்ததும் வரிசை முடிந்துவிடும். அப்புறம் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியாது.

கூடத்தில் மாமியார் சுமிரா காலண்டர் முன்னால் நின்று அன்றைய கட்டத்தில் ஒரு கோடு கிழித்தாள்.

“தொள்ளாயிரத்து எண்பத்தாறு,” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

இன்னும் பதினாலு நாள். கிழமையோடு ஐந்து சந்தை நாட்களையும் சேர்த்துச் சொல்லும் ஜாவா வழக்கில் அது ஞாயிறு வகே, அவன் மனைவி லாரசதி இறந்த ஆயிரமாவது நாள். முந்தின நாள் சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஞாயிறு பிறந்துவிடும். அப்போது எண்பது வீட்டு ஆண்கள் வந்து பாயில் உட்கார்ந்து ஓதுவார்கள். விடிந்ததும் அவள் குழிமேட்டில் கல் வைக்க வேண்டும். மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பது, நூறு, முதல் வருடம், இரண்டாம் வருடம் என்று ஆறு விருந்து ஆகிவிட்டது. இது ஏழாவது. இதற்கப்புறம் போனவர்களுக்காக எண்ண வேண்டிய நாள் என்று ஒன்று கிடையாது.

அதற்கப்புறம் இந்த வீட்டில் தான் யார் என்பதும் ஹனுங்குக்குத் தெரியாது. மனைவியின் வீடு. மனைவி இல்லை. இதைப் பற்றி அவனும் கேட்கவில்லை, மாமியாரும் சொல்லவில்லை.

போன வாரம் விருந்துக்கான ஆடு வந்து சேர்ந்தது. அதற்கு மறுநாள், ஓத வருபவர்களுக்குக் கொடுக்கும் யாசின் புத்தகம் வந்தது, இருநூறு பிரதி. அட்டையில் லாரசதி சிரித்தாள். படத்துக்குக் கீழே ‘செவ்வாய் கிளிவோன்’ என்று அவள் போன நாளும் தேதியும் தங்க எழுத்தில். மச்சினி வெனிங் இதற்காக அச்சகத்துக்கு நான்கு தடவை அலைந்தாள். அக்காவின் மூக்கு சப்பையாக விழுந்திருக்கிறது என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. எட்டே கால் மணி வரைக்கும்.

எட்டே காலுக்குக் கல் கொத்தும் தர்மாஜி முன்டிலானிலிருந்து போன் செய்தார்.

“அம்மா, முழுப் பேரு சரியான எழுத்தோட வேணும். தகப்பன் பேரு வேணும். போன நாளு, சந்தை, தேதி மூணும் வேணும். இன்னிக்கே வேணும். நாளைக்கு நான் வேற கல்லுல கை வெச்சுட்டா, உங்க கல்லு அடுத்த மாசம்தான். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.”

சுமிராவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. கண்ணாடி எங்கே என்றும் தெரியாது. வெனிங்தான் அலமாரியிலிருந்து காகித உறையை எடுத்து, பெயருக்கு எத்தனை எழுத்து என்று பார்க்க உட்கார்ந்தாள்.

“அம்மா.”

“எழுதிக்கிட்டியா?”

“இதுல ஆறு இருபதுன்னு போட்டிருக்கு.”

“எதுல?”

“ஆஸ்பத்திரிக் காகிதத்துல. அக்கா போன நேரம். சாயங்காலம் ஆறு இருபது.”

சுமிரா மெதுவாகத் திரும்பினாள்.

“அன்னிக்குப் பொழுது சாயற மஃரிப் பாங்கு எத்தனை மணிக்குன்னு பாரு.”

வெனிங் போனில் தேடினாள். “ஆறு நாலு.”

முற்றத்தில் ஆடு ஒரு தடவை கத்தியது. சமையல்கட்டு வாசலில் ஹனுங் நின்றிருந்தான்.

ஆஸ்பத்திரிக்கு நாள் நடுராத்திரியில்தான் மாறும். ஜாவாக்காரருக்குப் பொழுது சாய்ந்தால் மறுநாள். ஆறு நாலுக்கு முன்னால் போயிருந்தால் லாரசதி செவ்வாய் கிளிவோனில் போனவள். ஆறு இருபதுக்குப் போயிருந்தால் புதன் லெகி. அப்படியானால் மூன்றாம் நாளிலிருந்து இரண்டாம் வருடம் வரை அத்தனையும் தப்பு.

“அண்ணனைக் கூப்பிடு,” என்றாள் சுமிரா.

அண்ணன் வகிரான் நான்கு வீடு தள்ளி இருந்தார். பஞ்சாங்கத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கைலியை முட்டிக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வந்தார். பிள்ளைப் பேறு, கல்யாணம், கிணறு தோண்டுவது, செத்தவர் விருந்து எதுவானாலும் அந்தக் குடும்பத்துக்கு நாள் எண்ணிக் கொடுப்பவர் அவர்தான். முப்பது வருடத்தில் ஒரு நாள் பிசகியதில்லை என்று பேர். அந்தப் பேரைப் பரப்பியவரும் அவரேதான்.

“என்ன தப்பு? எங்கே தப்பு?” செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தார். “செத்த நாளை ஒண்ணுன்னு வை. ஆயிரத்துக்கு ஆறாங்கிழமை, அஞ்சாம் சந்தை. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. ஆறு ஆச்சா? கிளிவோன், லெகி, பாஹிங், போன், வகே. அஞ்சு ஆச்சா? ஞாயிறு வகே. சின்னப் புள்ளைகூட சொல்லும்.”

“எண்ணினதுல தப்பில்லண்ணே. எங்கேருந்து எண்ண ஆரம்பிச்சேங்கறதுலதான் தப்பு.”

“மாப்பிள்ளை சொன்ன இடத்துலேருந்து ஆரம்பிச்சேன்.”

எல்லோரும் ஹனுங்கைப் பார்த்தார்கள். ஹனுங் தரையைப் பார்த்தான்.

“மாமா, நான் போன்ல ஆயிரம் நாள் கூட்டிப் பாத்தேன்,” என்றாள் வெனிங். “திங்கள் கிளிவோன்னு வருது.”

“எதுலேருந்து கூட்டினே?”

“செவ்வாய்லேருந்து.”

“அப்போ உன் போன் செத்த நாளையே எண்ணல. அதுக்கு மறுநாள்லேருந்து எண்ணியிருக்கு. பொணம் கெடக்கற நாள் நாளே இல்லையா அதுக்கு?”

“சரி, இப்போ புதன் லெகியை ஒண்ணுன்னு வெச்சு நீங்க எண்ணுங்க.”

வகிரான் விரல்களை மடக்கினார். உதடு அசைந்தது. பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

“திங்கள் கிளிவோன்தானே மாமா?”

“தப்பான எடத்துல ஆரம்பிச்சு, தப்பா எண்ணி, சரியான நாள்ல வந்து நின்னா அது கணக்காயிடுமா? குருடன் தடுக்கி விழுந்த எடத்துல பாய் விரிச்சிருந்துதாம்!”

“அப்போ திங்கள்தான் சரியான நாள்னு ஒத்துக்கறீங்க.”

“நான் எதையும் ஒத்துக்கல!”

சுமிரா இந்தச் சண்டையில் சேரவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஆறு விருந்து. ஆறும் ஒரு நாள் முன்னாடி,” என்றாள். “நாம பாயைச் சுருட்டி, பாத்திரம் கழுவிக் கவுத்ததுக்கு மறுநாள் வந்திருப்பா. வந்து வாசல்ல நின்னு பாத்திருப்பா. வெளக்குகூட இருந்திருக்காது.”

“ஒரு நாள்தானே சுமிரா...”

“ஒரு நாள்தானேவா? போன வருஷம் கரியோ வீட்டுல ஒரு நாள் பிசகிடுச்சுன்னு ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிச்சது யாரு? நீதானே?” திடீரென்று அவளுக்கு இன்னொன்று தோன்றியது. “என் வீட்டுக்காரருக்கு நாள் எண்ணினதும் நீதான். அதுவும் இந்த லட்சணம்தானா?”

“அவர் காலைல ஒன்பது மணிக்குப் போனாரும்மா! ஒன்பது மணில யார் தப்பு பண்ண முடியும்?” வகிரான் பஞ்சாங்கத்தால் தன் தொடையிலேயே அடித்துக்கொண்டார். “சரி. நான் ஒண்ணு சொல்றேன், கேளு. ஆஸ்பத்திரிக்காரன் எழுதறது டாக்டர் வந்து கையெழுத்துப் போட்ட நேரம். உசுரு போன நேரம் இல்ல. அது அரை மணி முன்னாடியே போயிருக்கும். பக்கத்துலயே இருந்தது மாப்பிள்ளை. அவரைக் கேளு. மாப்பிள்ளை, பாங்குக்கு முன்னாடியா, பின்னாடியா?”

ஹனுங் வாயைத் திறந்தான்.

“நினைவில்ல மாமா.”

“நினைவில்லையா? என் பசு கன்னு போட்ட நேரம் எனக்கு நிமிஷ சுத்தமா நினைவிருக்கு. பொண்டாட்டி போன நேரம் உங்களுக்கு நினைவில்லையா?”

“அன்னிக்கு நீதானே சொன்னே,” என்றாள் சுமிரா. அவள் குரலில் கோபம் இல்லை. “உன் கையைப் பிடிச்சுக்கிட்டு மூணு தடவை கலிமா சொன்னா. மூணாவது தடவை சொல்லி முடிச்சா. அதுக்கப்புறம்தான் பாங்கு கேட்டுச்சுன்னே. நான் இன்னிக்கு வரைக்கும் அதைத்தானே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

ஹனுங் பின்பக்கம் போய், ஏற்கெனவே பெருக்கிய இடத்தை மறுபடி பெருக்க ஆரம்பித்தான்.

அவனுக்கு நேரம் நன்றாகவே நினைவிருந்தது. அன்றைக்கு மஃரிப் பாங்கு கேட்டபோது அவன் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு கடையில் சோத்தோ சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மழை பெய்தது. மழை விடட்டும் என்று இன்னொரு தேநீர் சொன்னான். ஆறு இருபத்தைந்துக்கு மாடிக்குப் போனபோது நர்ஸ் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டாள்.

உடனே மாமியாருக்குப் போன் செய்தான். அழுகைக்கு நடுவிலும் அவள் கேட்டாள், பாங்குக்கு முன்னாடியா, அப்புறமா என்று. முன்னாடி என்றான். பாங்குக்கு முன்னால் என்றால் அவன் அவள் பக்கத்தில் இருந்ததாக ஆகும். பாங்கின்போது கையில் கரண்டி இருந்தது. சாகும்போது நாவில் இருக்க வேண்டிய கலிமாவைச் சொன்னாளா என்று கேட்டாள். சொன்னாள் என்றான். எத்தனை தடவை என்றாள். மூன்று என்றான். முதல் பொய்தான் யோசித்துச் சொன்னது. மற்றவை தானாக வந்தன.

துடைப்பத்துக்குப் பக்கத்தில் வெனிங்கின் கால்கள் வந்து நின்றன.

“அத்தான். அது ஏற்கெனவே சுத்தமாத்தான் இருக்கு.”

அவன் நிறுத்தினான்.

“ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. முன்னாடிதான், பேப்பர்தான் தப்புன்னு. மாமா மூக்கு தப்பிக்கும். இருநூறு புத்தகம் தப்பிக்கும். எண்பது வீட்டுக்கும் சனிக்கிழமைன்னு சொல்லியாச்சு. நான் மறுபடி வீடு வீடா ஏறி, எங்கக்கா ஒரு நாள் லேட்டா செத்தாள்னு சொல்லணுமா?” அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. “அம்மாவும் நிம்மதியா இருப்பாங்க.”

“பேப்பர் தப்பு இல்லன்னா?”

வெனிங் துடைப்பத்தை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

“எனக்குச் சொல்லாதீங்க,” என்றாள். “என்கிட்ட சொன்னா நானும் சுமக்கணும். நான் புத்தகத்தையே சுமந்துட்டேன், போதும்.”

பதினோரு மணிக்கு தர்மாஜி மறுபடி போன் செய்தார். பன்னிரண்டுக்கு மறுபடி. அதற்கு அடுத்த தடவை போன் அடித்தபோது சுமிரா தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“வண்டியை எடு,” என்றாள் ஹனுங்கிடம். “நேர்ல போய்ச் சொல்லிக்கலாம்.”

“என்னன்னு சொல்லப் போறே?” என்று பதறினார் வகிரான்.

“போற வழியில யோசிக்கறேன்.”

முன்டிலான் வரை இருபது நிமிடம். அவள் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். மணல் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. வழியில் அவள் பேசியது இரண்டே தடவை. ஒரு தடவை, “லாரி.” இன்னொரு தடவை, “பள்ளம்.”

தர்மாஜியின் கொட்டகையில் பாதி முடிந்த சிலைகளும் அம்மிகளும் இறைந்து கிடந்தன. லாரசதியின் கல் இரண்டு மரக்கட்டைகள்மேல் மல்லாந்து கிடந்தது. பெயர் கொத்தி முடிந்திருந்தது. அதன் கீழே சாக்பீஸில் ‘செவ்வாய் கிளிவோன்’ என்று எழுதியிருந்தார்.

“வெனிங் பொண்ணு பேருக்குன்னு புத்தக அட்டையைப் படம் எடுத்து அனுப்பிச்சுது. நாளைப் பத்தி மூச்சு விடல. அதனால உங்க புத்தகத்துல இருந்ததையே எழுதி வெச்சேன்,” என்றார் தர்மாஜி. “உளி வைக்கட்டா?”

சுமிரா மகளின் பெயர்மேல் கையை வைத்து, எழுத்து எழுத்தாகத் தடவிக்கொண்டு போனாள். கல் தூள் விரலில் ஒட்டியது.

“பெரியம்மா, கொத்தினா கொத்தினதுதான். பள்ளத்தை நெரப்ப முடியாது. எனக்கு இன்னும் ரெண்டு கல்லு காத்துக்கிட்டிருக்கு. செவ்வாயா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க.”

“சரி, வை,” என்றாள் சுமிரா. “மாப்பிள்ளை பக்கத்துல இருந்தவர். அவர் சொன்னதே இருக்கட்டும்.”

தர்மாஜி உளியை ‘செ’வின் தலைமேல் வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.

“வைக்காதீங்க,” என்றான் ஹனுங்.

“அட ஆண்டவனே,” என்றார் தர்மாஜி.

“புதன் லெகி.”

சுமிரா அவன் பக்கம் திரும்பினாள். “நினைவில்லைன்னே?”

“பாங்கு சொன்னப்போ நான் அங்க இல்லம்மா. எதிர்ல கடையில இருந்தேன். சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். நான் மேல போனப்போ எல்லாம் முடிஞ்சிருந்தது. ஆறு இருபதுதான் சரி.”

அவள் பக்கத்திலிருந்த ஒரு அம்மிமேல் உட்கார்ந்தாள். விற்பனைக்கு வைத்த அம்மி. தர்மாஜி ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, சிகரெட் பற்ற வைக்கக் கொட்டகைக்கு வெளியே போனார்.

“அப்போ கலிமா?”

“நான் கேக்கல.”

“மூணு தடவைன்னியே.”

“சொல்லியிருக்கலாம். நான் கேக்கல.”

“தொள்ளாயிரத்து எண்பத்தாறு நாள்,” என்றாள் அவள். “தொள்ளாயிரத்து எண்பத்தாறு நாளா நான் அதை ஊர் முழுக்க...”

“எண்பத்தஞ்சு,” என்றான் ஹனுங். புதன் லெகியிலிருந்து எண்ணினால் அதுதான். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

சுமிரா அவனை அடித்துவிடுவாள்போல் பார்த்தாள். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கன்னத்தில் கல் தூள் வெள்ளையாக இழுபட்டது.

“நீங்க எல்லாரும் சேந்து என்னைப் பைத்தியம் பிடிக்க வெப்பீங்க. ஒருத்தன் விரலை மடக்கறான். ஒருத்தி போனைத் தட்டறா. நீ வாயே தெறக்க மாட்டே. தெறந்தா ஒரு நாள் கொறையுதுங்கறே.” மூச்சு வாங்கினாள். “அவளை அந்த நெலமைல விட்டுட்டு ஏன் கீழ போனே? பசியா?”

“இல்ல.”

“பின்னே?”

“அவ ஒண்ணு சொன்னா. எனக்குக் கோவம் வந்துடுச்சு. காலைலேருந்து நின்னுக்கிட்டே இருந்தேன். பதில் சொல்லாம போயிட்டேன்.”

“அவ என்ன சொன்னா?”

வெளியே தர்மாஜி இருமினார்.

“ஹனுங்.” கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “எனக்கு நல்லதா ஒண்ணும் வேண்டாம். அதை நான் நெறைய நாள் வெச்சிருந்துட்டேன். அவ வாயிலேருந்து கடைசியா வந்தது எதுவோ, அதைச் சொல்லு. ஒரு எழுத்துகூட மாத்தாதே.”

ஹனுங் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

“‘ஃபேனை மறைச்சுக்கிட்டு நிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?’”